கண்ணாடிக்குப் பின்னால் ஆப்பிரிக்கா!

தூத்துக்குடி வீட்டுக் கூடத்தில் மலாவி ஏரி மீன்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன? தொட்டியின் அடிப்பக்கம், பின்பக்கம், ராத்திரிப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம், வாருங்கள்!

"அண்ணாச்சி, இது கடல் மீன்தான?"

எங்கள் தொட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மன்னார் வளைகுடாவைக் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? மின்னும் நீலம், எலுமிச்சை மஞ்சள், துருச் சிவப்பு, கறுப்புப் பட்டை என்று இத்தனை நிறத்தை நாம் பவளப்பாறை மீன்களிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் இவை அத்தனையும் நன்னீர் மீன்கள்! கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவாகக் கிடக்கும் மலாவி ஏரிதான் இவற்றின் சொந்த ஊர். கடையில் போய் 'சிக்லிட்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த ஏரியின் ஆழம் 700 மீட்டர். அதில் சிக்லிட் குடும்பத்தில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை! அடுத்துள்ள தங்கனீக்கா ஏரி அதைவிட ஆழம், 1,470 மீட்டர். அதற்கும் இருநூறுக்கு மேற்பட்ட சொந்த இனங்கள் உண்டு.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை சாப்பிட்டிருக்கிறீர்களா? அதுவும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குளமே இல்லை. கேரளத்தில் வாழையிலையில் சுற்றிப் பொரிக்கிற கரிமீனும் சிக்லிட்தான். அது நம் மண்ணின் சொந்த மீன், அதன் நெருங்கிய உறவினர்கள் மடகாஸ்கரில் வாழ்கிறார்கள். ஆகவே குடும்பம் தெரிந்த குடும்பம். வந்திருப்பது அதன் வண்ணக் கிளை!

ஊரே திட்டும் தண்ணீர்

முதல் ரகசியம் தண்ணீரில் இருக்கிறது. தூத்துக்குடியில் போர் தண்ணீரைத் திட்டாத வீடு உண்டா? சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை படியும், கீசர் சீக்கிரம் போய்விடும். அந்த வெள்ளைப் படிவுக்குக் காரணமான கால்சியமும் பைகார்பனேட்டும்தான் நம் விருந்தாளிகளுக்கு வேண்டியது! மலாவி ஏரியின் பி.எச். அளவு 7.7-லிருந்து 8.6 வரை, தங்கனீக்காவில் 9-ஐத் தொடும். மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் பொடி வாங்கிக் கலந்து உண்டாக்குகிற காரத்தன்மை, நம் ஊரில் பல வீடுகளில் மோட்டார் போட்டாலே வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கடின நீர் வேறு, உப்பு நீர் வேறு. கடல் ஊறிய போரில் கால்சியத்தோடு சமையல் உப்பும் சேர்ந்தே வரும். டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும்; பிரித்துச் சொல்லாது. அதனால் மீன் கடையில் கடினத்தன்மையைக் காட்டும் ஜி.எச்., கே.எச். சோதனை மருந்து வாங்கி, சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் வரை எண்ணிப் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் கரித்தால் அதை விட்டுவிட்டு மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக்கி, அதில் கிளிஞ்சலும் துளி சமையல் சோடாவும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் தொட்டியில் ஆறும் போரும் கலந்து ஓடுகின்றன!

கோடையில் இன்னொரு கணக்கு வருகிறது. உப்பளத்து ஊர்க்காரருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? தண்ணீர் ஆவியாகும், கரைந்தது தங்கும். குறைந்த தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் வாரத்துக்கு வாரம் தொட்டி பாத்தியாகிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்ற வேண்டும்.

அலமாரிக் கதவைத் திறங்கள்!

இப்போது கீழே குனியுங்கள். தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கொள்ளளவு சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ! கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். அதனால்தான் அடியில் இரும்பு ஸ்டாண்ட். அந்த ஸ்டாண்டைச் சுற்றிய அலமாரிக்குள்தான் உண்மையான கூத்து நடக்கிறது.

கதவைத் திறந்ததும் சலசலவென்று சத்தம். மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் முதலில் வெள்ளைத் துணிப் பையில் விழுகிறது. குப்பை அங்கே நின்றுவிடும். அடுத்த அறையில் செராமிக் வளையங்கள், குவியல் குவியலாக. கையில் எடுத்தால் பழுப்பு நிறத்தில் லேசாக வழுக்கும். அந்த வழுக்கல்தான் இந்தத் தொட்டியின் உயிர்! மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அவை வந்து குடியேற நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை தொட்டியை மீனில்லாமல் ஓடவிடும் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் இந்த மீன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காரத் தண்ணீரில் அம்மோனியா குணம் மாறுகிறது. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8.5 ஆனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு விஷமாகிவிடும்! கோல்ட்ஃபிஷ் தொட்டியில் தப்பித்துப்போகும் அலட்சியம் இங்கே மீனைக் கொன்றுவிடும். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது இதனால்தான். செராமிக் வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. குளோரின் பட்டால் பாக்டீரியா மொத்தமும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான்.

கடைசி அறையில் மோட்டார், அதன் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். கரண்ட் போனால் அது தானாக உயிர் பெறும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும்போது அதில் தங்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனுக்கோ தேவை கூடுகிறது. அந்த நாளில் மின்தடை வந்தால் இந்தக் குட்டிப் பம்புதான் குலதெய்வம்!

முதலில் கல், பிறகுதான் மணல்

மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் சிக்லிட்களுக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் 'ம்புனா'. பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பதும், பாறை இடுக்கில் ஒளிவதும்தான் அவற்றின் பிழைப்பு. ஆகவே தொட்டி நிறையக் கல் வேண்டும். தரைக் கண்ணாடியில் தெர்மோகோல் தகடு விரித்து, அதன்மேல் பெரிய கற்களை ஆடாமல் உட்காரவைத்து, அப்புறம்தான் மணலைக் கொட்ட வேண்டும். மணல்மேல் கல் வைத்தால்? இந்த மீன்கள் வாயால் மணலை அள்ளி அள்ளித் தோண்டும். ஒரு நாள் கல் சரிந்து கண்ணாடியில் இடிக்கும்.

சுண்ணாம்புக்கல் நல்லது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காரத்தைத் தாங்கிப் பிடிக்கும். கோழித் தீவனக் கடையில் விற்கும் கிளிஞ்சல் ஒரு கிலோ வாங்கி, நன்றாக அலசி, ஃபில்டர் பையில் போட்டாலும் அதே வேலையைச் செய்யும். முத்துக்குளித்த கரையில் இருந்துகொண்டு கிளிஞ்சலுக்கு அலைய வேண்டுமா? சிப்பியின் ஓடும் அதற்குள் விளையும் முத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில்தான் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். முத்துக்குப் பளபளப்புத் தரும் அதே பொருள்தான் இங்கே ஃபில்டர் பைக்குள் கரைந்துகொண்டிருக்கிறது!

பவளக்கல்லை மட்டும் தொடாதீர்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், கடலுக்குள் போய்விட்டன. பவளக்கல் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அது அங்கேயே கிடக்கட்டும்.

யாரோடு யார்?

கலப்புத் தொட்டி என்றால் கையில் அகப்பட்டதை எல்லாம் போடுவது என்று அர்த்தமில்லை. இவை பெரும்பாலும் கோபக்கார மீன்கள்! ஆண் ஒவ்வொன்றும் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு 'இது என் இடம்' என்று நிற்கும். அதுவும் தன்னைப் போலவே நிறமும் பட்டையும் உள்ள இன்னோர் ஆணைக் கண்டால் விடவே விடாது. ஆகவே முதல் விதி: ஒரே சாயலில் இரண்டு இனம் வேண்டாம். இரண்டாவது: ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண், ஒரே பெண் இருந்தால் துரத்தியே கொன்றுவிடும். மூன்றாவதுதான் கேட்பவர்களை அசர வைக்கும்: கூட்டம் அதிகமாக இருக்க வேண்டும்! நாலைந்து மீன் மட்டும் இருந்தால் பலசாலி ஒரே நோஞ்சானைப் பிடித்து அடிக்கும். முப்பது இருந்தால் அடி எல்லோருக்கும் பங்கு பிரிந்து, யாருக்கும் காயமில்லாமல் போகும். அந்தக் கூட்டத்தின் கழிவைச் சமாளிக்கத்தான் கீழே அவ்வளவு பெரிய ஃபில்டர்.

எங்கள் குடியிருப்புப் பட்டியல் இதோ. எலுமிச்சை மஞ்சளில் சாந்த சொரூபி 'யெல்லோ லாப்'. இந்த மஞ்சள் ரகம் மலாவி ஏரியின் மேற்குக் கரையில் நகாட்டா பே என்னும் ஊருக்கு வடக்கே சிறு பகுதியில் மட்டும் வாழ்கிறது. மற்ற இடங்களில் அதே இனம் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அடுத்து ஊதா உடலும் மஞ்சள் வாலுமாக 'ஏசி'. ஊதாவும் துருவும் கலந்த 'ரஸ்டி'. நடுவெளியில் நீந்தும் 'பீகாக்' ஆண்கள், நீலமும் ஆரஞ்சுமாக. பீகாக் பெண்கள் எல்லா இனத்திலும் ஒரே மண்பழுப்பு. எது எந்த இனம் என்று பிரித்தறிய முடியாமல் கலப்புக் குட்டி பிறந்துவிடும். அதனால் பீகாக்கில் ஆண்கள் மட்டும் வைத்திருக்கிறோம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம். 'கலப்பு சிக்லிட்' என்று விற்கும் தொட்டியில் குட்டியிலேயே மிக அழகாக இருப்பவை இரண்டு: மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட 'ஆரட்டஸ்', வெளிர்நீலத்தில் பட்டை போட்ட 'கென்யி'. மனசு அங்கேதான் போகும். வளர்ந்த பிறகு இரண்டின் ஆண்களும் நிறம் மாறி, தொட்டியையே ரணகளமாக்கிவிடும். வாங்காதீர்கள்!

இந்தச் சண்டைக்காரர்களின் மூளை லேசுப்பட்டதா என்றால், இல்லவே இல்லை. தங்கனீக்கா பகுதிச் சிக்லிட் ஒன்றை வைத்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார்கள். 2007-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வேடிக்கை பார்க்கும் ஆண் மீன், முதலாமவன் இரண்டாமவனை அடிப்பதையும் இரண்டாமவன் மூன்றாமவனை அடிப்பதையும் பார்த்தே, நேரில் மோதிப் பார்க்காத இருவரில் யார் பெரியவன் என்று கணக்குப் போட்டுவிடுகிறது! அப்படியென்றால் புதிதாக ஒரு மீனை விட்டால், அது எத்தனை கண்களுக்கு நடுவே இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதற்குத்தான் ஒரு தந்திரம்: புது மீனை விடும் முன் கற்களை எல்லாம் இடம் மாற்றிவிட வேண்டும். பழைய எல்லைகள் அழிந்து, எல்லோரும் புதுக் குடித்தனக்காரர்கள் ஆகிவிடுவார்கள். விளக்கையும் அணைத்துவிட்டால் முதல் ராத்திரி அமைதியாகக் கழியும்.

சாப்பாட்டு நேரம்!

இதைப் பார்க்காமல் போகவே கூடாது. டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டதும், கல் இடுக்கில் இருந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலில் மேலே வரும். குலசை தசராவில் வேடம் கட்டியவர்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கிய மாதிரி, திரும்பின பக்கமெல்லாம் நிறம்!

ஆசை மிகுந்து கொட்டிவிடக் கூடாது. ம்புனாக்களுக்குக் குடல் நீளம். பாசி தின்று பழகிய வயிறு. ஸ்பைருலினா கலந்த குருணைத் தீவனமும், வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியும், லேசாக வெந்த பாலக் கீரையும் போதும். இறைச்சியும் புழுவும் தொடர்ந்து போட்டால் வயிறு ஊதி, சாப்பிடுவதை நிறுத்தி, வெள்ளை இழையாகக் கழிக்கத் தொடங்கும். 'மலாவி ப்ளோட்' என்று இதைச் சொல்வார்கள். வந்துவிட்டால் பிழைப்பது கடினம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஒரு நாள் விரதம்.

வாய்க்குள் தொட்டில்

இப்போது அந்த இடது மூலைக்கு வாருங்கள். தொண்டை புடைத்து, எதையோ மென்றுகொண்டே இருப்பதுபோல் தாடை அசைய, கல்லோடு ஒட்டி நிற்கிறாளே ஒரு மஞ்சள் பெண்? அவள் வாய்க்குள் குஞ்சுகள்!

நடந்தது இதுதான். ஆண் உடல் நடுங்க ஆடிக் காட்டி அவளைத் தட்டைக் கல்லுக்கு அழைத்து வந்தது. இருவரும் தலையும் வாலுமாக வட்டம் சுற்றினார்கள். அவள் முட்டையை இட்டு, உடனே திரும்பி வாயில் எடுத்துக்கொண்டாள். மலாவி ஆண்கள் பலவற்றின் கீழ்த்துடுப்பில் முட்டை வடிவில் மஞ்சள் புள்ளிகள் உண்டு. பெண் அந்தப் புள்ளி அருகே வாயைக் கொண்டுபோகும் அந்த நொடியில் ஆண் விந்தை விட, முட்டை அவள் வாய்க்குள்ளேயே கருவாகிறது. அதன்பின் ஏறக்குறைய மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. தாடை அசைவு மெல்லுவதற்கல்ல. முட்டைகளைப் புரட்டி, நல்ல தண்ணீர் படவைக்கிறாள்.

எல்லாம் முடிந்து வாயைத் திறக்கும்போது கண்ணும் வாலும் துடுப்புமாக, தாயின் சின்ன அச்சாகவே குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பெரிய தொட்டியில் விட்டால் மற்றவர்களுக்கு இரையாகும். அதனால் மூன்றாவது வாரத்தில் தாயைத் தனித்தொட்டிக்கு மாற்றுகிறோம். ஈன்று முடித்ததும் சில நாள் தனியே தீனி கொடுத்துத் தேற்றித்தான் திருப்பி விடுகிறோம்.

விளக்கணைந்த பிறகு

ராத்திரி டார்ச்சின்மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். பகலில் மிரட்டிய ஆண்கள் எல்லாம் நிறம் வெளுத்து இடுக்கில் தூங்குகின்றன. அவர்கள் தூங்க, புள்ளி போட்ட கெளுத்தி கூட்டமாக வெளியே வருகிறது. தங்கனீக்கா ஏரியின் சைனோடான்டிஸ் மல்டிபங்க்டேட்டஸ். மீன் உலகத்தின் குயில்! சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து நடுவே புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் சிக்லிட் தெரியாமல் இரண்டையும் வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சுகள் முதலில் பொரித்து, உள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். மூன்று வாரம் பட்டினி கிடந்த தாயின் வாயிலிருந்து மீசை வைத்த குஞ்சுகள் வரும்!

இன்னொன்று, காதுக்கு எட்டாத சங்கதி. மலாவி ஆண்கள் பெண்ணை அழைக்கும்போது குறைந்த அதிர்வில் ஒலி எழுப்புகின்றன என்பதை நீருக்கடி மைக்கில் பதிவுசெய்து கண்டிருக்கிறார்கள். அமைதியாகத் தெரியும் இந்தக் கண்ணாடிக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது!

ஒரே ஒரு வேண்டுகோள்

இந்த மீன்கள் பல ஆண்டுகள் வாழும். வீடு மாறும்போதோ, சண்டைக்காரன் ஒருவன் கைமீறிப் போகும்போதோ, 'ஆத்துல விட்டா பிழைச்சுக்கும்' என்று தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கொடுவாயின் நெருங்கிய உறவு அது. அங்கே மட்டும் வாழ்ந்த சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்ததற்கு அந்த மீன் முக்கியக் காரணமாயிற்று. நம் குளங்களை ஜிலேபிக் கெண்டை நிறைத்த கதையும் அதே காலத்தில் தொடங்கியதுதான். தாமிரபரணிக்கென்று சொந்த மீன்கள் இருக்கின்றன; அவற்றுக்குப் போக வேறு ஆறு கிடையாது.

வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வளர்க்கிற நண்பருக்குக் கொடுங்கள். மீனைப் பற்றிச் சந்தேகம் என்றால் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது, போய்க் கேளுங்கள். நாலடிக்குக் குறையாத தொட்டி, நான்கைந்து வாரப் பொறுமை, வாரம் ஒரு மணி நேர உழைப்பு. இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் தைரியமாகத் தொடங்குங்கள். தண்ணீர் ஏற்கெனவே உங்கள் வீட்டுப் போரில் இருக்கலாம். இன்றைக்கே ஒரு டம்ளர் பிடித்துச் சோதித்துப் பாருங்கள்!